ஃபில்டர் கம்பெனிக்காரர்கள் வந்த நாள்

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். நாற்பதைத் தாண்டி, கண்ணாடி போட்டு, மாடிப்படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொள்கிற வயது வந்த பிறகும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் பாப்பாதான். அலுவலகத்தில் அவள் 'அறிவிப்பு அக்கா'. நகரத்துப் பெரிய பேருந்து நிலையத்தில் வெகுகாலம் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அழுதுகொண்டு அம்மாவைத் தேடுகிறது என்று இரண்டு மொழியில் சொல்வது வேலை. சின்ன வயதில் அப்பா வேலை பார்த்த வெளிநாட்டில் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் அந்த இரண்டாவது மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நகராட்சி தொழில் வளர்ச்சி அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தபோது, வெளியிலிருந்து வருகிற கம்பெனிக்காரர்களிடம் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று அவள் குரலைக் கேட்ட இயக்குநர், நேராக அறிவிப்பு அறைக்குள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'ஆயிடும் சார்'. ரோடு இன்னும் முடியவில்லை என்றால் 'ஆயிடும்' என்பார். விளக்குக் கம்பம் வரவில்லை என்றால் 'ஆயிடும், ஆயிடும்'. ஒரு தடவை ஓட்டுநர் மனைவிக்குப் பிரசவ வலி என்று விடுப்புக் கேட்டபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களே தவிர யாரும் அவரை வெறுத்ததில்லை. அவர் சொன்னதில் பாதியாவது ஆகத்தான் செய்தது.

நகரம் அப்போது கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. அடுக்குமாடி வீடுகள் எழும்பின. ஆனால் அதில் குடியிருக்க வேண்டிய பிள்ளைகள் படிப்பை முடித்த கையோடு வேறு ஊருக்கு ரயிலேறினார்கள். இயக்குநரின் இரண்டு மகன்களும் அப்படிப் போனவர்கள்தான். மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் போதும், அதைப் பார்த்து மற்றவை தானாக வரும் என்பது அவர் கணக்கு. புகை கிடையாது, இரைச்சல் கிடையாது, படித்த பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. நகரத்தின் ஓரத்தில் அதற்கென்றே வெள்ளைச் சுவரும் இரட்டைக் கதவும் வைத்துப் பெரிய கூடங்கள் கட்டி வைத்தார். முதலில் வந்தவர்கள் மின்சாரம் விட்டு விட்டு வருகிறது என்று போனார்கள். அவர் இன்னொரு மின்பாதை இழுத்தார். அடுத்து வந்தவர்கள் தூசி என்றார்கள். சுற்றிலும் மரம் வைத்து, மண் ரோட்டைத் தார் ரோடாக்கினார். மூன்றாவதாக வரப் போனவர்கள்தான் டயாலிசிஸ் ஃபில்டர் செய்கிற கம்பெனிக்காரர்கள்.

அந்த ஃபில்டர் எப்படி இருக்கும் என்று பாப்பாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று தடவை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் படுக்க வேண்டும். கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே வந்து, கண்ணாடிபோல் பளபளக்கிற ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் நுழைந்து, சுத்தமாகி, இன்னொரு குழாயில் உடம்புக்குத் திரும்பும். இதைச் செய்கிற மெஷினுக்கு, ஓடி முடிகிற வரைக்கும் தண்ணீர் விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்த உருளைதான் ஃபில்டர். அது தூரதேசத்திலிருந்து கப்பலில் வந்து, எங்கெங்கோ தேங்கி, தாமதமாகத்தான் வந்து சேரும். கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின தடவை அக்கா போனபோது, ஃபில்டர் இருப்பு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் அன்று காலையில் அக்காவின் முகம் உப்பியிருந்தது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாலு படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் ஒரு கையில் பையும் ஒரு கையில் மனைவியுமாக ஏற்றிக்கொண்டு போனார். பாப்பா பின்னாலேயே ஓடினாள்.

மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன் அக்காவின் மூச்சைக் கேட்டுவிட்டு அத்தானைத் தனியாகக் கூப்பிட்டார். "நுரையீரல்ல தண்ணி சேர ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு முழுசா ஓட்டியாகணும். பாதியில நிறுத்துற மாதிரி ஆச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊருக்குக் கொண்டு போகணும், போறதுக்குள்ள..." என்றார்.

ஊசி ஏற்றிய பிறகு அக்கா கண்ணைத் திறந்து, "நீ ஏன் இன்னும் இங்க நிக்கிற?" என்றாள்.

"போறேன்க்கா. நேரம் இருக்கு."

"போ. அவங்க சரின்னுட்டா என் பொண்ணுக்கு இங்கயே வேலை கிடைக்கும்." அக்காவின் மகள் வெளியூரில் மருத்துவக் கருவிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். "எங்கயோ தூரமா போயிட்டா அப்புறம் அவ மூஞ்சிய நான் போன்லதான் பார்க்கணும். நல்லா பேசு. பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி பேசிட்டு நிக்காத."

பாப்பா சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விருந்தினர் விடுதியில் இரண்டு பேர் தயாராக நின்றார்கள். ஒருவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். இன்னொருவர் தடித்த கண்ணாடி போட்ட கணக்கு அதிகாரி. இருவருக்கும் மாலையில் விமானம். இயக்குநர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எல்லாரும் ஒரே வேனில் புறப்பட்டார்கள்.

கடைத்தெருவைத் தாண்டியதும் இயக்குநருக்கு போன் வந்தது. "ம்... ம்... எந்த இடத்துல?" என்றவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பாப்பாவையும் கையசைத்துக் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்குக் கேட்டாலும் புரியாது. இருந்தும் குரலை இறக்கித்தான் பேசினார்.

"பெரிய குழாய் உடைஞ்சிருக்கு. ரோடே குளமாயிடுச்சாம். ஊருக்கு வர்ற தண்ணியில பாதிகூட இப்ப வரல."

ஃபில்டர் செய்வதற்கு மற்ற எதையும்விடத் தண்ணீர்தான் முக்கியம் என்று கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். "அப்ப இன்னைக்கு எப்படி சார் காட்டறது?"

"வர்ற தண்ணி மொத்தத்தையும் நம்ம கூடத்துப் பக்கம் திருப்பிவிடச் சொல்லிட்டேன். இவங்க பார்த்துட்டுக் கிளம்பற வரைக்கும்தான்."

"டவுன் பக்கம்?"

"வீட்டுக்கு வீடு மாடியில டேங்க் இருக்கு. ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். டேங்க் நிறைய இருக்குன்னாங்க. நான் என்ன, கேட்காம செய்வேனா? ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டார் என்றதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வராமலேயே வண்டியில் ஏறினாள்.

கூடத்துக்குள் போனதும் பொறியாளர் அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். கதவு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். காற்று வருகிற துளைகளுக்கு நேரே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார். வேலைக்கு எப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பார்கள், மின்சாரம் எத்தனை வழியில் வருகிறது, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இயக்குநர் பதில் சொல்ல, பாப்பா மொழிபெயர்த்தாள். எல்லாம் உண்மையான பதில்கள். சொல்லும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு தடவை தலையாட்டினார். அவர் ஒரு தடவை தலையாட்டுவதே அபூர்வம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பிறகு பொறியாளர் பெட்டியைத் திறந்து, வட்டமான அழுத்தமானி ஒன்றை எடுத்துக் குழாயில் மாட்டினார். திருகியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. முள் மேலே ஏறி நின்றது. அம்மாள் குழாயை மூடவில்லை. ஓடட்டும், அழுத்தம் குறைகிறதா பார்க்கிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் பாப்பாவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அத்தான்.

வெளியே வந்து எடுத்தாள். "என்ன அத்தான்?"

"பாப்பா, இங்க தண்ணி வரல."

"டேங்க் நிறைய இருக்குன்னாங்களே."

"அது பெரிய கட்டடத்து டேங்க். டயாலிசிஸ் பின்னாடி கட்டடம்ல, இதுக்குத் தனி டேங்க். நேத்தே சரியா நிரம்பலையாம். இப்ப அடிமட்டத்துல கிடக்கு." அவர் குரல் எப்போதும் நிதானமானது. அன்று அது நிதானமாக இருக்க மெனக்கெட்டது. "டேங்கர் லாரிக்குச் சொல்லியிருக்காங்க. குழாய் உடைஞ்ச இடத்துல ரோடு அடைச்சுக் கிடக்கு, லாரி வர முடியல. ஆறு பேர் மெஷின்ல இருக்காங்க. யாரை முதல்ல நிறுத்தறதுன்னு டெக்னீஷியன் பார்த்துட்டு இருக்காரு."

"அக்கா?"

"இன்னும் பாதிகூட ஆகல. மூச்சு அப்படியேதான் இருக்கு."

உள்ளே தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. பாப்பா இயக்குநரைக் கதவருகே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உடனே ஆஸ்பத்திரி நிர்வாகிக்குப் போன் போட்டார். பேசி முடித்து, "டேங்கர் வந்துக்கிட்டிருக்காம். சமாளிச்சுக்கறோம்ங்கறாங்க" என்றார்.

"வந்துக்கிட்டில்ல சார். நிக்குது. எங்க அக்கா அங்க படுத்திருக்கா."

அவருக்கு அது தெரியாது. அவள் வீட்டு விஷயத்தை அலுவலகத்தில் பேசுகிறவள் இல்லை. அவர் முகம் ஒரு கணம் ஆடிப்போயிற்று. பிறகு கண்ணை மூடித் திறந்தார்.

"கொஞ்ச நேரம்மா. இந்த அம்மா எழுந்திரிச்சிட்டா முடிஞ்சது. அடுத்த நிமிஷம் நானே திருப்பிவிடச் சொல்றேன். எத்தனை வருஷமா இதுக்கு நாயா அலைஞ்சிருக்கேன், உங்களுக்குத் தெரியாதா?"

"அக்காவுக்கு மாட்டியிருக்கறதும் இதே ஃபில்டர்தான் சார். போன தடவை இருப்பு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதனாலதான் சொல்றேன். இந்தக் கம்பெனி வந்தா இனி இந்த ஊர்ல ஒருத்தரையும் அப்படி அனுப்ப மாட்டாங்க. இன்னைக்கு இவங்க எழுந்து போயிட்டா, அடுத்தவன் எப்ப வருவான்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அத்தானைத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் அக்காவின் காதில் போனை வைத்தார்.

"பாப்பா." ஒரு மூச்சு. "நீ ஒண்ணும்..." இன்னொரு மூச்சு. "சொல்லிக் கெடுத்துடாத. எனக்கு ஒண்ணும் ஆகாது. அவ... இங்க வந்து சேரணும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அந்த மூச்சு, நனைந்த துணியைக் கிழிப்பதுபோல் கேட்டது. பின்னணியில் ஏதோ ஒரு மெஷின் கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. யாரோ ஓடினார்கள். லைன் போய்விட்டது.

உள்ளே அவளைக் கூப்பிட்டார்கள்.

பொறியாளர் அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். முள் இறங்கவே இல்லை. "அழுத்தம் நல்லா இருக்கு" என்றார் அவர் தன் மொழியில். "ஒரு சந்தேகம். வர்ற வழியில கடைத்தெருவுல ஜனங்க தெருக்குழாய்கிட்ட வாளியோட நின்னாங்க. யாரும் தண்ணி பிடிக்கல, சும்மா நின்னாங்க. ஊருக்குப் போற தண்ணியும் இதுவும் ஒரே குழாய்லயா வருது?"

பாப்பா அதை அப்படியே இயக்குநரிடம் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இது தனி லைன். ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லுங்க."

இத்தனை வருடமாகக் கையில் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லித்தான் அவள் பிழைத்திருக்கிறாள். வண்டி ஏன் தாமதம், யார் தப்பு என்பதெல்லாம் அவள் பாடு இல்லை. அன்றும் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அது இயக்குநரின் பேச்சு, வாய் மட்டும்தான் அவளுடையது. பொறியாளர் காத்திருந்தார். கண்ணாடிக்காரர் பேனாவோடு காத்திருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"இது தனிக் குழாய், ஊரோட சம்பந்தம் இல்லைன்னு இயக்குநர் சொல்றார்" என்றாள் அவர்கள் மொழியில். மூச்சை இழுத்துக்கொண்டு மேலே சொன்னாள். "அவர் சொன்னது அவ்வளவுதான். இனி நான் சொல்றது என் பேச்சு. குழாய் ஒண்ணுதான். காலைல அது உடைஞ்சு போச்சு. மிச்சம் வர்ற தண்ணிய முழுக்க உங்களுக்காக இந்தப் பக்கம் திருப்பியிருக்கு. ஆஸ்பத்திரில டயாலிசிஸ் பிரிவுல தண்ணி இல்ல. ஆறு பேர் மெஷின்ல இருக்காங்க. அதுல ஒருத்தி என் கூடப் பிறந்தவ."

பிறகு இயக்குநரிடம் திரும்பினாள். "நீங்க சொன்னதையும் சொன்னேன். நடக்கிறதையும் சொன்னேன் சார்."

அவர் முகம் கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்து, பிறகு வெளுத்தது.

பொறியாளர் அம்மாள் குனிந்து குழாயைத் தன் கையாலேயே மூடினார். கூடத்தில் சட்டென்று சத்தம் அடங்கியது. "தண்ணிய எங்க இருந்து திருப்புவாங்க?" என்று கேட்டார்.

பம்ப் ஹவுஸ் கூடங்களுக்குப் பின்புறம்தான். நடந்தே போனார்கள். இயக்குநர் முன்னால் போனார். கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பம்ப் ஹவுஸ்காரர் இவ்வளவு பெரிய கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பாப்பா, "டவுன் பக்கத்து வால்வைத் திறங்கண்ணா" என்றாள்.

"சார் சொன்னாத் திறக்கிறேன். மூடச் சொன்னது சார்."

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் வால்வின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ரயில் கிளம்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நடைமேடையில் நிற்கிறவரைப்போல் இருந்தார்.

"திற" என்றார்.

சக்கரம் அசைய மறுத்தது. காலையில் அவசரத்தில் இறுக்கி மூடியிருந்தார்கள். பம்ப் ஹவுஸ்காரர் இரும்புத் தடியைச் செருகித் தொங்கினார். வழுக்கியது. இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபக்கம் பிடித்தார். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியதில் அது முனகிக்கொண்டு கொஞ்சம் திரும்பியது, பிறகு இன்னும் கொஞ்சம். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. குழாய்க்குள் ஹோவென்று தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

"உடனே போயிடுமா?" என்றாள் பாப்பா.

"குழாய் காலியா கிடக்கும்மா. அதை நிரப்பிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்."

அத்தானுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். பொறியாளர் அம்மாள் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பட்டது. அக்கா சொன்ன கடைசி வார்த்தைக்குக்கூட ஒரு பதில் சொல்ல முடியாமல் லைன் போய்விட்டதே என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது.

இயக்குநர் கிரீஸ் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க செஞ்சது சரியா தப்பான்னு சொல்ற நிலைமையில நான் இல்ல" என்றார். "ஆனா என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன் சார்."

கந்தலை மடித்து வைத்துவிட்டு, "கேட்டீங்க" என்றார்.

போன் அடித்தது. அத்தான்தான். முதலில் அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. பாப்பா, 'அத்தான்' என்று கூப்பிடவும் பயந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வந்துடுச்சு" என்றார். "நாலு பேரோட மெஷினை நிறுத்திட்டாங்க. உங்க அக்காவையும் பக்கத்துக் கட்டில்காரரையும் மட்டும் நிறுத்தாம, டேங்க்ல மிச்சம் இருந்ததை வச்சு ஓட்டினாரு. அதுவும் தீரப் போற நேரத்துல வந்துச்சு. நான் மாடியில டேங்க்குக்குள்ள எட்டிப் பார்த்துட்டு நின்னேன் பாப்பா. போன் கீழ இருந்துச்சு."

பாப்பா நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன சொன்னார்கள் என்று பொறியாளர் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

மாலையில் விமான நிலையத்தில் விடைபெறும்போது அந்த அம்மாள் இயக்குநரின் கையைக் குலுக்கிவிட்டுச் சொன்னதை மொழிபெயர்ப்பதுதான் பாப்பாவுக்கு அன்றைய நாளிலேயே கடினமான வேலையாக இருந்தது. "குழாய் எல்லா ஊர்லயும் உடையும். காலைலயே சொல்லியிருந்தா நாங்க இன்னொரு நாள் வந்திருப்போம்." இயக்குநர் கேட்டுக்கொண்டார்.

கம்பெனி வரவில்லை. வேறொரு நகரத்தில் இடம் பார்த்துவிட்டார்கள் என்று சீக்கிரமே செய்தி வந்தது.

ஊரில் பேச்சு கிளம்பியது. மொழிபெயர்க்கப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். எதிர் வீட்டுக்காரருக்கு வேலையில்லாத மகன் இருந்தான். அவர் பாப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அலுவலகத்தில் அவளைப் பழைய கோப்புகளை அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். இயக்குநர் மாற்றச் சொன்னாரா, மாற்றியதைத் தடுக்காமல் இருந்தாரா என்று அவள் விசாரிக்கவில்லை. இதையெல்லாம் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது அக்காவின் கோபம்.

"நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்ல" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அத்தானிடம் சொல்லி, அத்தான் பாப்பாவிடம் சொல்ல வேண்டும். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு இது நடந்தது. "எனக்கும் இப்ப மொழிபெயர்ப்பு வேலை கிடைச்சிருக்கு" என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஒருநாள் மாலையில் பக்கத்துக் கட்டில்காரர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். ஃபில்டர் இல்லை என்று அக்காவைத் திருப்பி அனுப்பிய அதே நாளில் அவரையும் அனுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் நின்ற அன்று அவர் நினைவு தப்பிக் கிடந்ததால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மனைவிதான் பேசினாள். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு மெஷினை நிறுத்திய பிறகு டெக்னீஷியன் தன்னிடம் வந்து இவரையும் நிறுத்த வேண்டியிருக்கும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னதைச் சொன்னாள். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு அக்கா வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொம்பள என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா" என்றாள் கடைசியில். "நான் என் பொண்ணைத்தான் நினைச்சிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கல." பிறகு பாப்பாவிடம் நேராக, "அந்த ஜன்னலைச் சாத்து, குளிருது" என்றாள். பாப்பா எழுந்து போய்ச் சாத்தினாள்.

இயக்குநர் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாராம். தண்ணீரைத் திருப்பச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது குழாய்க்குக் கேட்டாராம். திட்டினார்கள். ஆனால் குழாய்க்குச் சம்மதித்தார்கள். அது போட்டு முடிய வெகு காலம் பிடித்தது. ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டு, மழையில் சேறாகி, ஜனங்கள் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். முடிந்த பிறகு டயாலிசிஸில் ரத்தம் போய்வருகிற பிளாஸ்டிக் குழாய்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி வந்து பார்த்தது. அன்று காலை அவர் கோப்பு அறைக்கு வந்து வாசலிலேயே நின்று, "வேன் கீழ நிக்குது, வர்றீங்களா?" என்றார். அவள் வந்தாள். வண்டியில் இருவரும் பழையது எதையும் பேசவில்லை. அந்தக் கம்பெனி ஒரே ஒரு கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மற்ற கூடங்கள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன.

அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்தது, அந்த ஃபில்டர் கம்பெனியிலேயே, அவர்கள் இடம் பார்த்த அந்த வேறு நகரத்தில். ரயிலில் ஒரு நாள் பயணம். அவள் வேலை பார்க்கிற இடத்திலிருந்து இப்போது ஃபில்டர்கள் தாமதமில்லாமல் இங்கே வந்து சேர்கின்றன. அக்கா படுத்துக்கொண்டு, மேலே மாட்டியிருக்கிற உருளையைப் பார்த்தபடி மகளிடம் போனில் சண்டை போடுகிறாள். வேளைக்குச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டாய், லீவு போட்டுவிட்டு வா.

ஒருநாள் அப்படி அக்கா உள்ளே பேசிக்கொண்டிருக்க, பாப்பாவும் அத்தானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநாளாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அவள் அவரிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அக்கா இங்க இல்லாம, வேற ஆறு பேர் மட்டும் இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனா அத்தான்?"

அத்தான் யோசித்தார். ஆறுதலுக்காக எதையாவது சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"தெரியல பாப்பா."

"எனக்கும் தெரியல."

அத்தான் பிளாஸ்க்கைத் திறந்து டீயை இரண்டு மூடியிலும் சமமாக ஊற்றினார். உள்ளே அக்கா இன்னும் மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.